பீரோவின் முதுகு

கடையில் விற்கிற பொருள் எதைப் பார்த்தாலும் தங்கதுரைக்கு ஒரு இளக்காரம். "இத நம்மளே செய்யலாமே" என்பான். செய்தும் விடுவான். செலவு கடை விலையைப்போல மூன்று மடங்கு ஆகும், பாதி நாள் ஓடாது, ஓடுகிற நாளில் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். ஆனாலும் நம் கையால் செய்தது என்று அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இந்தப் புத்தி நல்லதுதான் என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அவன் வீட்டில் குடியிருக்கவில்லை.

குடியிருந்தவள் அவன் மனைவி ஆண்டாள். மணலூர்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒருநாள் அவளுடைய மிக்ஸி மோட்டாரைக் கழற்றி, கீபோர்டில் தூசி ஊதுகிற இயந்திரம் ஒன்றைச் செய்துபார்த்துவிட்டு, திரும்ப மிக்ஸியிலேயே மாட்டி வைத்தான். மாட்டியதில் ஏதோ கோளாறு. மறுநாள் காலை தேங்காய்ச் சட்னி கூரையில் இருந்தது. ஆண்டாள் கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அடிச்சி சத்தியம் பண்ணுங்க. இனிமே இந்த வூட்டுப் பொருள் எதுலயும் கைய வெக்கமாட்டேன்னு."

"வெச்சா?"

"வெச்சா கடைய இழுத்து மூடிட்டு எங்க அண்ணன் லாரி ஆபீஸ்ல போயி உக்காருங்க. அது எப்பவோ கூப்ட்டுக்கினுதான் இருக்குது."

ஆண்டாளின் அண்ணன் கண்ணாயிரம் மணலூர்பேட்டையில் கரும்பு லாரிகள் வைத்திருந்தார். தங்கையின் புருஷனுக்கென்று ஆபீஸில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஒதுக்கி வைத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம் அந்த நாற்காலியின் க்ஷேமத்தைச் சொல்லாமல் விடமாட்டார். "சேரு சும்மாதான் இருக்குது மாப்ள. ஃபேனுக்குக் கீழயே போட்டு வெச்சிருக்கேன்." அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, மச்சானுக்கு டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பை நினைத்தாலே தங்கதுரை கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். அந்தக் கடைதான் அவனுக்கு எல்லாம். கற்பூரத்தை ஓங்கி அடித்து அணைத்தான். உள்ளங்கை சுட்டது. அந்தச் சூடு ஒரு வருஷம் தாங்கியது.

கல்வராயன் மலையிலிருந்து இருசப்பன் வந்த அன்றைக்குத்தான் அது ஆறிப்போனது. இருசப்பன் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மலை சனங்களுக்குச் சாதிச் சான்று, பட்டா, ரேஷன் கார்டு என்று விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவர். நிதானமான ஆள். பைக்குக்குப் பின்னால் கம்ப்யூட்டரின் பெரிய கேபினெட்டைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தங்கதுரை அதன் பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே ஈசல் இறகு கை கையாக வந்தது. அதற்கு நடுவில் எலி ஒன்று கூடு கட்டி, குட்டி போட்டு, வளர்த்து, வெளியூருக்கும் அனுப்பி வைத்திருந்தது.

"மழ பேஞ்சா ஈசல் மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்து இதுக்குள்ளதான் சார் பூருது" என்றார் இருசப்பன். "எனக்குச் சின்னதா ஒரு பொட்டி வேணும். பையில போட்டு பைக்ல எடுத்துக்கினு ஊரு ஊரா போவணும். காத்து உள்ள போவணும், ஈசல் போவக்கூடாது. கடையில கேட்டா அப்பிடி வராதுன்றாங்க. உங்களால ஆவுமா?"

கடையில் வராது என்ற சொல் காதில் விழுந்த பிறகு தங்கதுரையை யாராலும் பிடித்து வைக்க முடியாது.

முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்தான். சின்ன மதர்போர்டு கீழே, அதன் தலைக்கு மேல் கையகல ஃபேன், பக்கவாட்டில் கரண்ட் பகுதி. எல்லாம் சேர்ந்து ஒரு சாமிப் பெட்டி அளவுக்கு அடங்கிவிட்டது. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிற அலுமினியச் சட்டத்தை வெட்டி எலும்புக்கூடு கட்டினான். கரண்ட் கொடுத்ததும் சத்தமில்லாமல் ஓடியது. உடம்பு தயார். சட்டைதான் பாக்கி. ஆறு பக்கமும் மூடுகிற ஆறு தகடுகள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். பிளைவுட் போட்டுப் பார்த்தான், உள்ளே சூடேறி மர வாசனை வந்தது. பிளாஸ்டிக் போட்டான், அப்பளம் மாதிரி நெளிந்தது. எண்ணெய் டின்னைப் பிரித்து அடித்தான், ஃபேன் சுற்றியதும் தகடு அதிர்ந்து கடையில் யாரோ உறுமி வாசிப்பதுபோல் இருந்தது. கனமான இரும்புத் தகடுதான் வேண்டும். அதை விற்கிற கடைக்காரரோ முழு ஷீட்டாக வாங்கினால் வாங்கு, கத்தரித்துத் தருகிற வழக்கம் இல்லை என்றார். முழு ஷீட்டில் ஒரு மாட்டுக்கொட்டகைக்கே கூரை போடலாம். அத்தனையையும் வாங்கி மிச்சத்தை என்ன செய்வது? வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தவன் கட்டிலில் படுத்து, எதிரே இருந்த பீரோவைப் பார்த்தான்.

அது கல்யாணத்துக்குக் கண்ணாயிரம் கொடுத்த சீர். பச்சை நிறம், ஆள் உயரக் கண்ணாடி. கல்யாணப் பந்தலில் அவர் அதைச் சபைக்கு நடுவில் நிறுத்தி, கதவில் விரல் முட்டியால் தட்டி, "டங்குனு கேக்குதா? எல்லாம் கனத் தகடு" என்று எல்லாரையும் கேட்கவைத்தார். அன்றோடு விட்டாரா? வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை அந்தத் தட்டுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் தங்கதுரைக்குத் தன் மண்டையில் தட்டுவதுபோலவே இருக்கும்.

ஆனால் பீரோவுக்கு ஒரு முதுகு உண்டு. அது சுவரைப் பார்த்து நிற்கிறது. வந்த நாளிலிருந்து ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை, இனியும் யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்காத இடத்தில் இரும்பு இருந்தால் என்ன, அட்டை இருந்தால் என்ன? சத்தியம் செய்தபோது பீரோ என்று தனியாக யாரும் பேர் சொல்லவில்லையே என்றும் ஒரு யோசனை வந்தது. பொய்யான யோசனை என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் அதை வைத்துக்கொண்டான்.

ஆண்டாள் ஒரு காதுகுத்துக்காக உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறிய அன்று பீரோவை நகர்த்தினான். முதுகு இரண்டு துண்டாக இருந்தது. மேல் பாதி மெல்லிசுத் தகடு. கீழ் பாதி நல்ல கனம், ரிவெட் அடித்திருந்தது. ரிவெட்டுகளை ட்ரில்லால் துளைத்து அந்தக் கீழ்த் தகட்டை எடுத்தான். அந்த இடத்தில் பழைய மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, உள்பக்கம் பச்சை அடித்து, பொருத்தி, பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினான். அத்தனை அழகாகப் பொருந்தியது. அதைக் காட்டிப் பெருமைப்பட ஒரு ஆள் இல்லையே என்பதுதான் அப்போது அவனுக்கு இருந்த ஒரே வருத்தம்.

கடையில் போய்த் தகட்டை உப்புத்தாளால் தேய்த்தான். பச்சை உரிந்தது. அடியில் மஞ்சள் வந்தது. மஞ்சளில் சிவப்பாக ஒரு எழுத்து வந்தது. அப்புறம் இன்னொன்று. தேய்க்கத் தேய்க்கக் கை வேகமெடுத்தது. முழுசாக உரிந்தபோது தகடு அவனைப் பார்த்துச் சொன்னது: கண்ணாயிரம் சைக்கிள் மார்ட்.

லாரி வாங்குவதற்கு முன்னால் மச்சான் சைக்கிள் கடை வைத்து நொடித்துப்போனவர். ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்தக் கடைப் போர்டைத்தான் பீரோ செய்கிறவரிடம் கொடுத்து, தங்கச்சி சீரின் முதுகில் வைத்துப் பச்சை அடித்திருக்கிறார்! முதுகுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று. தங்கதுரை சிரித்தான். இத்தனை நாளாகத் தகட்டோடு மல்லுக்கட்டியவனுக்கு இன்னொன்றும் இப்போது உறைத்தது. மெல்லிசுத் தகடுதான் டங்கென்று பாடும். அந்தப் பீரோ முழுக்கத் தேடினாலும் கனமான இரும்பு இந்தப் போர்டு ஒன்றுதான்.

சிரித்து முடித்தபிறகுதான் துக்கம் வந்தது. இப்பேர்ப்பட்ட சங்கதியை யாரிடம் சொல்வது? மச்சானின் குட்டை உடைத்தால், முதுகைக் கழற்றியது யார் என்ற கேள்வி வரும். வந்தால் கடைக்குப் பூட்டு, ஃபேனுக்குக் கீழே நாற்காலி. கையில் கிடைத்த வெடியைக் கொளுத்தவும் முடியாமல், போடவும் மனமில்லாமல் நின்றான்.

கடைசியில் வேலையைப் பார்த்தான். தகட்டை அளந்து ஆறாக வெட்டினான். ஓரங்களை மடித்து, கை கிழிக்காதபடி அரத்தால் தேய்த்தான். இரண்டு பக்கத் தகடுகளில் வரிசையாகத் துளை போட்டு, உள்ளே கொசுவலைக் கம்பியை வைத்து அமுக்கினான். ஐந்து பக்கம் திருகாணி. ஒரு பக்கம் மட்டும் பழைய கடைப் பலகைபோல் மேலிருந்து காடிப் பள்ளத்தில் இறங்கும்படி, தூசி துடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. எழுத்து இருக்கிற முகத்தை உள்பக்கம் திருப்பினான். வெளிமுகத்துக்குச் சாம்பல் நிறம் அடித்தான். உள்ளே அடிக்கவில்லை. பெட்டிக்கு உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

மழைக்கு முன்னால் இருசப்பன் வந்து பெட்டியை எடுத்துப்போனார். பையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் பைக் திருப்பத்தில் மறைகிற வரை தங்கதுரை கடை வாசலிலேயே நின்றான். அவன் செய்த பொருளில் சத்தம் போடாமல் ஓடிய முதல் பொருள் அது.

பொங்கல் வந்தது. பொங்கல் என்றால் வெள்ளையடிப்பு. வருஷா வருஷம் அன்றைக்குக் கடையில் தலைபோகிற வேலை இருப்பதாகச் சொல்லி ஓடிவிடுகிறவன், இந்த வருஷம் விடிந்ததிலிருந்து பீரோவுக்கு முன்னால் காவல் நின்றான்.

"இன்னாங்க, கடைக்குப் போவல?" என்றாள் ஆண்டாள். அவள் குரலில் அக்கறையைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது.

"இன்னிக்கு நானே அடிக்கிறேன். நீ சமையலப் பாரு."

"நீங்க மீதி எல்லாம் அடிங்க. பீரோ பக்கம் நான் பாத்துக்கிறேன்." அவள் ஒட்டடைக் கொம்பின் நுனியில் பிரஷ்ஷைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

"வேணாம் ஆண்டாளு, பீரோ பக்கம்தான் நான் அடிக்கணும்."

இந்த இழுபறியில் கண்ணாயிரம் வரிசையோடு வந்து இறங்கினார். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம். செருப்பைக் கழற்றினார், பீரோ கதவில் தட்டினார். "டங்குனு கேக்குதா?" அப்புறம்தான் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தார். முகம் மாறியது.

"பீரோவ நவுத்தக்கூடாது மாப்ள. கால் வளஞ்சிரும்."

"அதாங்க மச்சான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்."

"லட்சுமி இருக்கிற பொருளு. ஆட்டக்கூடாது."

"ஆட்டவே கூடாது மச்சான்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு பேர் பீரோவின் ஆளுக்கொரு பக்கம் நின்று தலையாட்டுவதை ஆண்டாள் பார்த்தாள். கொம்பைச் சுவரில் சாய்த்தாள். அப்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது.

இருசப்பன். ஒரு பாட்டில் மலைத்தேன், கொஞ்சம் சாமை அரிசி, தோளில் பை. "கடையில பூட்டு தொங்குது சார், அதான் வூட்டுக்கே வந்துட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஐப்பசியில கொட்டுன மழைக்கு ஒரு ஈசல் உள்ள போவல. கரியாலூர் பக்கத்துலயும் பாத்துட்டு நாலு பேரு கண்ணா பொட்டிதான் வேணும்னு நிக்கிறாங்க."

"இன்னா பொட்டி?" என்றார் கண்ணாயிரம்.

"கண்ணா பொட்டிங்க. கம்பெனி பேர உள்ளாறதான் எழுதியிருக்காரே சார். தூசி ஊதறப்பல்லாம் பாக்கிறனே." பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, காடியில் இருந்த தகட்டை மேலே உருவிக் காட்டினார். மஞ்சளில் சிவப்பாக 'கண்ணா'. எட்டிப் பார்த்தால் அந்தப்பக்கச் சுவரில் 'சைக்'.

கண்ணாயிரம் தகட்டைப் பார்த்தார். தங்கதுரையைப் பார்த்தார். தங்கதுரை கூரையைப் பார்த்தான். அங்கே பழைய சட்னிக் கறை ஒன்று இன்னும் மங்கலாக இருந்தது.

"அண்ணா" என்றாள் ஆண்டாள், "இது உன் சைக்கிள் கட போர்டு இல்ல?"

"அது... மாதிரிதான் இருக்குது. கட மூடுனப்பவே அத பழைய இரும்புக்குப் போட்டுட்டேனே."

"பழைய இரும்புக் கடையிலதான் நானும் வாங்குனேன்" என்றான் தங்கதுரை, ஒரு நொடி தாமதிக்காமல்.

"அந்த எலவனாசூர்கோட்ட ஆளுகிட்டதான் போட்டேன்."

"அவருகிட்டதான் மச்சான் வாங்குனேன்."

இரண்டு பொய்யும் நடுவில் ஒரு ஈசல் நுழைய இடமில்லாமல் பொருந்தின. தங்கதுரைக்கு மூச்சு வந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக மச்சான்மேல் அவனுக்குப் பாசம் பொங்கியது. ஆண்டாள் பெட்டியின் தகட்டைத் திரும்பக் காடியில் இறக்கினாள். இருசப்பனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், வீட்டுக்காரம்மாவை விசாரித்தாள், ஒரு ஜோடிக் கரும்பை பைக்கில் கட்டச் சொல்லி வழியனுப்பினாள். பைக் சத்தம் தேய்ந்ததும் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிங்க."

"எதுக்கும்மா?" என்றார் கண்ணாயிரம்.

"புடிங்கன்னேன்."

பீரோ முன்னால் வந்தது. முதுகில் அட்டை. அதில் அச்சடித்த குடையும் கண்ணாடித் தம்ளரும் தலைகீழாகத் தெரிந்தன.

"அடப்பாவி மாப்ள! நான் குடுத்த சீர..."

"நீங்க குடுத்தது இன்னான்னு சொல்லட்டுமா மச்சான்?"

ஆண்டாள் குனிந்து, அந்த அட்டையில் விரல் முட்டியால் தட்டினாள். பொத்து பொத்தென்று கேட்டது.

"டங்குனு கேக்குதாண்ணா?"

கண்ணாயிரம் பீரோவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு மொத நாளு இந்த போர்டுக்குப் பச்ச அடிக்கும்போது நான் பின்வாசல்ல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். பச்ச உரிஞ்சி இவருக்குத் தெரிஞ்சா உன்ன காலத்துக்கும் இளக்காரமா பேசுவாருன்னு, வருஷா வருஷம் பீரோவ நவுத்தாம கொம்புல பிரஷ்ஷக் கட்டி வுட்டு நானே வெள்ளையடிக்கிறேன். ஒரு ஆள பின்னால போவவுடல. நீ வந்து தட்டுறப்பல்லாம் எனக்குத்தான் ஒடம்பு கூசும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கற்பூரம் அடிச்சீங்களே, உங்களுக்கும் மனசு வந்துச்சா?"

தங்கதுரைக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. மச்சானின் குட்டு தெரிந்த பிறகும் சொல்ல முடியவில்லையே என்று அவன் சில மாதமாக வெந்துகொண்டிருந்தான். இவள் அதையே கல்யாண நாளிலிருந்து தனியாகச் சுமந்துகொண்டு, இருவருக்கும் சோறு போட்டிருக்கிறாள்.

"நான் லாரி ஆபீசுக்கே போயிடறேன் ஆண்டாளு" என்றான். சொல்லும்போது கடைச் சாவி இருந்த பாக்கெட்டைக் கை தானாகப் பிடித்துக்கொண்டது.

கண்ணாயிரம் பதறினார். "வேணாம்மா. அந்த... அந்த சேரு ஒடஞ்சிபோச்சி."

"ஒண்ணும் வேணாம்" என்றாள் ஆண்டாள். "இப்ப பேசினத நானும் கேட்டுக்கினுதான இருந்தேன். நீ அளந்து வுட்டா அவரு மூடி போடறாரு. உங்க ரெண்டு பேரையும் ஒரே ஆபீஸ்ல உக்கார வெச்சா மணலூர்பேட்ட தாங்காது. கட கடையாவே இருக்கட்டும்."

தங்கதுரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டான்.

"அண்ணா, நீ தகடு வாங்கித் தரணும். முழு ஷீட்டு, கனமா. மலைக்கு நாலு பொட்டி செஞ்சது போவ மிச்சத்துல என் பீரோவுக்கு முதுகு போடட்டும்."

"வாங்கித் தரேம்மா" என்றார் கண்ணாயிரம். "நாளைக்கே வாங்கித் தரேன்."

ஆண்டாள் கொம்பில் கட்டியிருந்த பிரஷ்ஷை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்தாள். வாளியைப் புருஷன் பக்கம் காலால் நகர்த்தினாள். இருவரும் பீரோவுக்குப் பின்னால் போய், கொம்பால் மட்டுமே வெள்ளை கண்ட அந்தச் சுவரின் முன் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அடுப்படிக்குப் போனவள் நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"தகடு வந்ததும் உள்பக்கமும் பெயிண்ட் அடிங்க."